பால் கணக்கு வரும், எக்ஸ் வந்தால் வராது

பி.காம் முதலாம் ஆண்டு மாணவர்களிடம் ஏன் இந்தப் படிப்பை எடுத்தீர்கள் என்று கேட்டால், எல்லா வருடமும் தவறாமல் வருகிற ஒரு பதில் உண்டு: "மேத்ஸ் இருக்காதுன்னு சொன்னாங்க மேம்." அண்ணன் சொல்லியிருப்பான், பக்கத்து வீட்டு அக்கா சொல்லியிருப்பாள், பத்தாவது முடித்து குரூப் எடுக்கும்போது பள்ளியிலேயே சொல்லியிருப்பார்கள். கணக்குக்குப் பயந்து காமர்ஸ் குரூப், அதிலும் வணிகக் கணிதம் இல்லாத கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் பிரிவு, அங்கிருந்து பி.காம் அல்லது பி.காம் சி.ஏ. அல்லது பிபிஏ. வந்து உட்கார்ந்தால் வணிகக் கணிதம், புள்ளியியல், அப்புறம் காஸ்டிங் என்கிற அடக்கவிலைக் கணக்கு, எம்பிஏ வரைக்கும் போனால் ஆபரேஷன்ஸ் ரிசர்ச். எதற்குப் பயந்து இங்கே வந்தார்களோ அது டைம் டேபிளில் தினமும் ஒரு மணி நேரம் இருக்கிறது.

ஈரோட்டுப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் பிள்ளைகளுக்கு இந்தப் பேப்பர்களை எடுக்கிறேன். "படிக்க மாட்டேங்கிறாங்க, சோம்பேறிப் பசங்க" என்று ஸ்டாஃப் ரூமில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நான் பார்த்தவரை அது உண்மையில்லை. இது பயம். பயத்துக்கு ஒரு உடம்பு உண்டு, பழக்கங்கள் உண்டு, கொஞ்ச நாள் கவனித்தால் வகுப்பில் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

போர்டில் எழுதுவதை எல்லாரையும்விட வேகமாக, அழகாக எழுதிக்கொள்ளும் பெண்ணைப் பாருங்கள். நோட்டு பளிச்சென்று இருக்கும், அடிக்கோடு சிவப்பு மையில் இருக்கும், ஆனால் நீயாக ஒரு சம் போடு என்றால் கேள்வியை எழுதிவிட்டு நிறுத்திவிடுவாள். விடையை மட்டும் பென்சிலில் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அழிக்க வசதியாக. ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று தெரிந்தே கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, சரியாக வந்தாலும் இன்னொரு முறை போட்டுப் பார்ப்பார்கள். கணக்கு வகுப்பு இருக்கிற நாளில் மட்டும் தலைவலி வரும் பையனின் தலைவலி பொய்யில்லை, நிஜமாகவே வலிக்கிறது. இவர்களில் பலர் அக்கவுண்ட்ஸ் பேப்பரில் நல்ல மார்க் எடுப்பவர்கள் என்பதுதான் விஷயம். பேலன்ஸ் ஷீட்டை டேலி பண்ணிக் காட்டுவார்கள், தேய்மானம் போடுவார்கள், கூட்டு நிறுவன லாபத்தைப் பங்கு பிரிப்பார்கள். "அது அக்கவுண்ட்ஸ் மேம், இது மேத்ஸ்" என்பார்கள்.

இந்தப் பயத்தை அளக்க முயன்ற வரலாறு அரை நூற்றாண்டுக்கு மேல் போகிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட்சன், சுயின் என்ற இருவர் 1972ல் 98 கேள்விகள் கொண்ட ஒரு அளவுகோலை வெளியிட்டார்கள். கடையில் பில்லைச் சரிபார்ப்பதிலிருந்து தேர்வு அறையில் உட்காருவது வரை ஒவ்வொன்றும் உங்களை எவ்வளவு கலங்கடிக்கிறது என்று கேட்கிற வினாப்பட்டியல் அது. ஆனால் எனக்கு அதைவிட உதவியது மார்க் ஆஷ்கிராஃப்ட் என்ற உளவியலாளரின் வேலை. அவரும் கிர்க் என்பவரும் 2001ல் வெளியிட்ட ஆய்வில் சொல்வது இது: மனதுக்குள் ஒரு கணக்கைப் போடும்போது இடையில் வருகிற எண்களைப் பிடித்து வைத்துக்கொள்ள மூளைக்குக் கொஞ்சம் இடம் வேண்டும், பயம் அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. சின்னக் கூட்டலில் வித்தியாசம் தெரியாது. பாக்கி எடுத்துச் செல்லும் கூட்டல் வந்து, கூடவே வேறு எதையாவது நினைவில் வைத்திருக்கவும் சொன்னால் பயந்தவர்கள் சரிந்துவிடுகிறார்கள். நான் வகுப்பில் பார்ப்பதும் இதையேதான். "தப்பாயிருமோ, எல்லாரும் பார்ப்பாங்களோ, போன தடவை மாதிரி ஆயிருமோ" என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருந்தால் கணக்குக்கு மிச்சம் இருப்பது பாதி மூளை.

இன்னொரு ஆய்வு 2012ல் வந்தது, லயன்ஸ், பைலாக் என்ற இருவர் செய்தது. கணக்குப் பயம் அதிகம் உள்ளவர்களுக்கு, கணக்கு வரப்போகிறது என்று தெரிந்தவுடனே, உடல்வலியோடு சம்பந்தப்பட்ட மூளைப் பகுதிகள் கிளம்புகின்றன. கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போது அப்படி இல்லை. வலி வருவதற்குக் காத்திருக்கும் நேரத்தில்தான். இதைப் படித்த பிறகு அந்தப் பையனின் தலைவலியை நான் பார்க்கிற விதமே மாறிவிட்டது. உள்ளே வந்து பேனாவை எடுத்துவிட்டால் அவனுக்குப் பாதி சரியாகிவிடும், வாசல் வரை வருவதுதான் பிரச்சினை.

சரி, இது எங்கே உண்டாகிறது? பிறவியிலேயே முழுதாக வந்துவிடுவதில்லை. நம் பக்கம் இது எப்படி உண்டாகிறது என்று எனக்கு நன்றாகவே தெரியும், பிள்ளைகளே சொல்லியிருக்கிறார்கள். நாலாவதிலோ ஆறாவதிலோ ஒரு நாள் போர்டுக்குக் கூப்பிட்டிருப்பார்கள், வகுத்தல் கணக்கு, கை நின்றிருக்கும், பின்னால் சிரிப்பு. அந்த வகுப்பறை, அந்த ஆசிரியர் போட்டிருந்த சட்டை நிறம் முதற்கொண்டு சொல்வார்கள், ஆனால் என்ன கணக்கு என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது. அதற்கப்புறம் ஒன்பதாவது வரை ஒளிந்துகொண்டே வந்து பத்தாவதில் "மெல்லக் கற்போர்" பட்டியலில் சேர்க்கப்படுவார்கள். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் வரைபடத்துக்கு 8, செய்முறை வடிவியலுக்கு 8, ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு 14. கூட்டினால் 30. இன்னும் சில இரண்டு மார்க் கேள்விகளை மனப்பாடம் செய்துவிட்டால் 35 வந்துவிடும். சாயங்கால ஸ்பெஷல் கிளாஸில் வைத்து இதையே திரும்பத் திரும்பப் போடவைத்துப் பாஸ் பண்ணவும் வைத்துவிடுகிறார்கள். அந்த ஆசிரியர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, தேர்ச்சி விகிதம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் பிள்ளை என்ன கற்றுக்கொண்டு வெளியே வருகிறது? எனக்குக் கணக்கு வராது, ஆனால் தப்பித்துவிடலாம் என்று. இதே புத்தியோடு கல்லூரிக்கு வந்து, "எந்தெந்த சம் வரும் மேம்?" என்று முதல் மாதமே கேட்கிறார்கள்.

நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் படித்துவிட்டு வருகிறவர்களின் பயம் வேறு மாதிரி. அவர்களுக்குக் கணக்குத் தெரியும். காலையில் ஒரு ஸ்லிப் டெஸ்ட், ராத்திரி ஒரு டெஸ்ட், எல்லாமே கடிகாரத்தை வைத்து. யோசிப்பதற்கு நின்றால் பின்தங்கிவிடுவோம் என்று உடம்பு பழகிவிட்டது. தெரியாத வகைக் கணக்கு ஒன்றைக் கொடுத்தால் மற்றவர்களைவிட இவர்கள்தான் சீக்கிரம் கைவிடுகிறார்கள்.

ஈரோட்டில் ஒவ்வொரு டிசம்பர் 22ம் தேதியும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கும். 1887ல் ராமானுஜன் பிறந்தது இந்த ஊரில், அந்த நாள்தான் தேசியக் கணித தினம். கல்லூரிகளில் பேனர் கட்டி விழா நடத்துகிறோம், நல்லதுதான். ஆனால் அன்றைக்கு வைக்கிற போட்டி பெரும்பாலும் யார் சீக்கிரம் விடை சொல்வார்கள் என்கிற போட்டி. என் வகுப்புப் பிள்ளைகள் பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார்கள். கணக்கு என்றால் வேகம், வேகம் இல்லாதவனுக்கு இங்கே வேலையில்லை என்பது மேடை போட்டு இன்னொரு முறை அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. ராமானுஜனே கல்லூரித் தேர்வில் மற்றப் பாடங்களைக் கவனிக்காமல் தோற்று உதவித்தொகையை இழந்தவர் என்பதை அந்த மேடையில் சொன்னால் சில பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள்.

இப்போது பால் கணக்குக்கு வருகிறேன்.

பெற்றோர் கூட்டத்துக்கு அந்தியூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மகள் வணிகக் கணிதத்தில் இன்டர்னலில் போய்விட்டாள். "எனக்கும் கணக்குன்னா ஆகாதுங்க, இவ என்னையக் கொண்டு பொறந்துட்டா" என்றார். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பேச்சு எங்கெங்கோ போய், வீட்டில் ரெண்டு கறவை இருக்கிறது, காலையும் சாயங்காலமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறார்கள் என்று வந்தது. சீட்டில் ஃபேட்டும் (கொழுப்பு) எஸ்.என்.எஃப்.பும் (கொழுப்பு நீங்கிய மற்ற திடப்பொருள்) வருமே, விலை எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டேன். ஃபேட் ஒரு பாயிண்ட் இறங்கினால் லிட்டருக்கு எவ்வளவு போகும், தீவனத்தை மாற்றியதில் எவ்வளவு ஏறியது, மாட்டுக்கு எந்த மாசத்தில் கொழுப்பு குறையும், பட்டுவாடா அன்றைக்கு வர வேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு, எல்லாவற்றையும் அந்த அம்மா ஒரு காகிதம் இல்லாமல் சொன்னார். மகள் இடையில் இரண்டு இடத்தில் திருத்தினாள். கணக்கு வராத இரண்டு பேர்.

அதை அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோனேன். சொசைட்டி விலைப்பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால் எளிதாக ஒரு விலை வைத்துக்கொண்டேன்: கொழுப்பு கிலோ 400 ரூபாய், கொழுப்பு நீங்கிய மற்ற திடப்பொருள் கிலோ 250 ரூபாய். ஒரு கிலோ பாலில் ஃபேட் 4, எஸ்.என்.எஃப் 8 என்றால் 40 கிராம் கொழுப்பு, அதற்கு 16 ரூபாய், 80 கிராம் மற்றது, அதற்கு 20 ரூபாய், மொத்தம் 36. இது எல்லாருக்கும் வந்தது. ஃபேட் 4.3 ஆனால்? "முப்பத்தேழு இருவதுங்க மேம்" என்று வழக்கமாக வாயே திறக்காத மூலையிலிருந்து ஒரு குரல். அப்புறம், சீட்டில் ஃபேட் இருக்கிற இடம் கிழிந்துபோய்விட்டது, விலை 38 ரூபாய், எஸ்.என்.எஃப் 8, அப்படியானால் ஃபேட் எவ்வளவு என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. 38ல் 20 போனால் 18, ஒரு ஃபேட்டுக்கு 4 ரூபாய், அப்போ நாலரை. பாதி வகுப்பு சொல்லிவிட்டது.

அவர்கள் அப்போது போட்டது ஒரு சமன்பாட்டின் தீர்வு. அதை போர்டில் எழுதினேன்: விலை பி, ஃபேட் எஃப், எஸ்.என்.எஃப் எஸ், பி = 4எஃப் + 2.5எஸ். எழுதி முடித்துத் திரும்பிப் பார்த்தால், ஒரு நிமிடத்துக்கு முன்னால் நாலரை என்று சொன்ன பிள்ளைகளில் சிலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டிருந்தார்கள். எழுத்து வந்தவுடன் அது வேறு பாடம் ஆகிவிட்டது.

அந்த இடத்தில்தான் நிற்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். பாடப்புத்தகம் அங்கே நிற்பதில்லை, அரை வரியில் தாண்டிப் போய்விடும். எழுத்தை அழித்துவிட்டு, கிழிந்த சீட்டையே ஒரு கட்டமாக வரைந்தேன். கட்டத்துக்குள் தெரியாத எண். விலையை மாற்றி மாற்றி அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்க வைத்தேன். எல்லாருக்கும் அலுத்துப்போகிற அளவுக்கு ஆன பிறகு, ஒவ்வொரு முறையும் கட்டம் வரையச் சலிப்பாக இருக்கிறதே, ஃபேட்டுக்கு எஃப் என்று போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். "போட்டுக்கலாங்க மேம்." ஒரு முழு வகுப்பு ஆனது. அடுத்த வகுப்பில் ஃபேட் ஒரு பாயிண்ட் மாறினால் விலை எவ்வளவு மாறும், அந்த 4தான் வகைக்கெழு என்று சொன்னபோது யாரும் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

இதைச் சொன்னால் சிலர், பார்த்தீர்களா, நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு வியாபாரக் கணக்கு ரத்தத்திலேயே இருக்கிறது, பாடத்திட்டம்தான் கெடுக்கிறது என்று கிளம்பிவிடுகிறார்கள். அதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. 1985ல் பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் விற்கும் ஐந்து பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. கடையில் நின்று போட்ட கணக்குகளில் 98 சதவீதம் சரி. அதே எண்களைத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம்தான். ஐந்து பேர்தானே என்றால், 2025ல் நேச்சர் இதழில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டவர்கள் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் பெரிய அளவில் பார்த்து எழுதியதும் அதேதான்: சந்தைக் கணக்கு தாளுக்குப் போவதில்லை. இதில் முக்கியமான மறுபாதி ஒன்று இருக்கிறது. பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகளின் தாள் கணக்கும் சந்தைக்கு வருவதில்லை. ஒன்று தெரிந்தால் மற்றது தானாக வரும் என்று இரண்டு பக்கமும் நம்பிக்கொண்டிருக்கிறோம். யாராவது உட்கார்ந்து, கிழிந்த சீட்டை எஃப் ஆக்குகிற அந்த வேலையைச் செய்தாக வேண்டும்.

செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு திருப்பூர்தான் சாட்சி. நூறு கிலோ துணி வேண்டும், சாயம் போடும்போது 5 சதவீதம் எடை குறையும், எவ்வளவு அனுப்ப வேண்டும்? என் மாணவர்கள் உடனே சொல்வது 105. 105ல் 5 சதவீதம் போனால் 99.75தான் திரும்பி வரும். 100ஐ 0.95ஆல் வகுக்க வேண்டும், 105.26. கால் கிலோதானே என்று தோன்றும். பத்தாயிரம் கிலோ ஆர்டரில் அது 25 கிலோ, நூறு டீ-ஷர்ட்டுக்கு மேல் குறையும். ஜிஎஸ்டியிலும் இதே தவறுதான். 18 சதவீத வரி சேர்த்து 1,180 ரூபாய் பில், வரிக்கு முன்னால் எவ்வளவு என்றால் 1,180ல் 18 சதவீதத்தைக் கழித்து 967 ரூபாய் 60 பைசா என்று எழுதுகிறார்கள். ஆயிரம் என்று கண்ணுக்கு எதிரே இருக்கிறது. எதன்மேல் சதவீதம் என்று நின்று கேட்கப் பயம். சீக்கிரம் ஒரு விடையை எழுதி அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்கிற அவசரம். பயந்தவர்கள் மெதுவாகத்தான் போடுவார்கள் என்று நினைப்போம், பல பேர் அவசரமாகத்தான் போடுகிறார்கள்.

என் வகுப்பில் யாரையும் போர்டுக்குக் கூப்பிடுவதில்லை. வர விரும்புகிறவர்கள் வரலாம், இரண்டு பேராக வரலாம். சின்னச் சின்னத் தேர்வுகளுக்கு நேர வரம்பு கிடையாது, மணி அடித்த பிறகும் உட்கார்ந்து எழுதலாம். இதனால் செமஸ்டர் தேர்வில் நேரம் போதாமல் போகாதா என்று சக ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கடைசி மாதத்தில் நேரம் வைத்துப் பழக்குகிறேன். முதலில் வரட்டும், அப்புறம் வேகம். விடையை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வழியை மட்டும் கேட்பதும் உண்டு, விடை தப்பாகிவிடுமோ என்கிற கவலை போய்விட்டால் சிலருக்குக் கை தானாக ஓடுகிறது.

தேர்வுக்கு முன்னால் தங்கள் கவலையைப் பத்து நிமிடம் எழுதச் சொன்னால் மார்க் கூடுகிறது என்று 2011ல் சயின்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்து ரொம்பப் பிரபலமானது. 2018ல் வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் மார்க் கூடும் என்று பிள்ளைகளிடம் நான் சொல்வதில்லை. ஆனாலும் பருவத்தின் தொடக்கத்தில் எழுதச் சொல்கிறேன், எனக்காக. அந்தத் தாள்களில்தான் சிரித்தவர்கள், சட்டை நிறம், "எங்க அப்பா முன்னாடி வாய்ப்பாடு சொல்லச் சொன்னார்" எல்லாம் வருகிறது. யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எனக்கு அதிலிருந்துதான் தெரிகிறது.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், குறிப்பாக அம்மாக்களிடம். "எனக்கும் வராது" என்று பிள்ளை முன்னால் சொல்லாதீர்கள். ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் பிள்ளை அதை ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறது. அதைவிட, பால் சீட்டையோ, ஏலச்சீட்டில் இந்த மாதம் தள்ளு (சீட்டை எடுத்தவர் விட்டுக்கொடுத்த தொகை) எவ்வளவு போனது என்பதையோ, பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட்டுக்கு வர வேண்டிய சம்பளத்தையோ உட்காரவைத்துச் சேர்ந்து போடுங்கள். தள்ளு 25,000, இருபது பேர், கமிஷன் போக ஆளுக்கு எவ்வளவு கழியும் என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் உடனே திருத்தாதீர்கள், எப்படி வந்தது என்று கேளுங்கள்.

கல்லூரிகளிடம் கேட்பது இன்னும் பெரியது. பிளஸ் டூவில் கணக்கே இல்லாமல் வருகிற பிள்ளையையும் வணிகக் கணிதம் படித்துவிட்டு வருகிற பிள்ளையையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து முதல் நாளே அணிகளை (மேட்ரிக்ஸ்) ஆரம்பிப்பது அநியாயம். ஒரு மாதம் தனியாகக் கொடுங்கள். சதவீதம், விகிதம், எழுத்தை எண்ணாகப் பார்ப்பது, இவ்வளவு போதும். அரியர் வைத்துக்கொண்டு மூன்று வருடமும் முடித்துவிட்டு, அப்பாவின் பட்டறைக்கோ கடைக்கோ போய், "எனக்கும் அதுக்கும் ஆகாது மேம்" என்று சொல்கிற பையன்களை வழியில் பார்க்கிறேன். கடையை நன்றாகத்தான் நடத்துகிறார்கள். ஆனால் பேங்க் கடனுக்கு எந்த வட்டி முறை தனக்கு லாபம் என்று ஆடிட்டர் சொன்னதை அப்படியே நம்புவதைத் தவிர அவர்களுக்கு வழியில்லை. அந்தக் கணக்கு அவர்கள் எழுதாமல் விட்ட பேப்பரில்தான் இருந்தது.

வருகிற பருவத்தில் எனக்கு ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் போக்குவரத்துக் கணக்கு எடுக்க வேண்டியிருக்கிறது. எங்கிருந்து எங்கே எவ்வளவு சரக்கு அனுப்பினால் செலவு குறையும் என்கிற பாடம். புத்தகத்தில் ஏ, பி, சி என்று மூன்று தொழிற்சாலைகள், ஒன்று, இரண்டு, மூன்று என்று கிடங்குகள். எனக்கு சங்ககிரியும் நாமக்கல்லும் கரூரும் வேண்டும், நிஜமான டன் கணக்கு, நிஜமான டீசல், டோல், டிரைவர் பேட்டா வேண்டும். லாரி வைத்திருப்பவர்களோ, புக்கிங் ஆபீஸ் நடத்துபவர்களோ இதைப் படித்தால், பழைய டிரிப் ஷீட்டுகள் இருந்தால் பெயர், வண்டி நம்பர் எல்லாம் அடித்துவிட்டு எனக்குக் கொடுங்கள். ஆனி மாதம் கல்லூரி திறப்பதற்குள் கிடைத்தால் கணக்குகளைத் தயார் செய்துவிடுவேன்.